தையலக்கா புருஷன் மேல விழாத கொடி

நாப்பத்தொண்ணு. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்குங்க. ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே வேதக்கோயில்ல இருந்து வந்த ஜனங்களுக்கு, ஒரே கையால போட்ட தையல் நாப்பத்தொண்ணு. குடிச்சுட்டு அடிச்சுக்கிட்டாங்களான்னு கேப்பீங்க. ஆளுக்கு ஒரு மடக்கு திராட்சரசம். அதுவும் ஒருத்தரைத் தவிர யாருக்கும் கிடைக்கல. பாதிரியார் குடுக்கிற ராப்போஜனம் எடுக்க வந்தவங்க அவங்க.

தையல் போட்ட பொம்பளையைப் பத்தித்தான் எழுதுறேன். அந்த ஞாயிறு கழிஞ்சு திங்கள்ல இருந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. செத்துப்போன புருஷன் மேல கட்சிக் கொடியைப் போர்த்த விடக்கூடாது. கொடியைக் கொண்டுபோனவன் நான். அதனால நடந்தது முழுக்க எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல அவங்க டிரஸ்ஸர், காயத்தைத் தைச்சுக் கட்டுப் போடுறவங்க. வாசல்ல இருந்து நேரா உள்ள போனா பச்சைத் திரை, இரும்புக் கட்டில் நாலு, ஸ்பிரிட் வாசனை, கொக்கி மாதிரி வளைஞ்ச ஊசிங்க ஒரு தட்டுல. பத்தொம்பது வயசுல தரை துடைக்கத்தான் அங்க சேர்ந்தாங்க. டாக்டர் தைக்கும்போது துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னு பாப்பாங்களாம். ஒருநாள் பஸ் கவுந்து, இருபது பேர் வந்து விழுந்தாங்க. டாக்டருக்கு ரெண்டு கைதானே. இவங்க கையைக் கழுவிட்டு ஊசியை எடுத்துட்டாங்க. எல்லாம் முடிஞ்சதும் டாக்டர் அந்தத் தையலைப் பாத்துட்டு, "யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டார். "நீங்கதான் சார், உங்களுக்குத் தெரியாம"ன்னாங்க. அன்னையோட துடைப்பம் வேற ஆள் கைக்குப் போச்சு. அதுக்கப்புறம் அதே ரூம்ல இருபத்தாறு வருஷம்.

ஊரு முழுக்க தையலக்கான்னுதான் கூப்பிடும். புதுசா குடிவந்தவங்க பேரைக் கேட்டு ஏமாந்து, ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தைக்கக் கொண்டுவருவாங்க. "ரத்தம் வருதா? வரலைன்னா டெய்லர்கிட்டப் போ"ம்பாங்க.

புருஷன் லேத்துக்காரர். இரும்பு ராடைக் கடைஞ்சு போல்ட்டு போடுற வேலை. கட்டை விரலைக் கிழிச்சுக்கிட்டு அவங்க கட்டிலுக்கே வந்தவர்தான். நாலு தையல். ஏழு நாள் கழிச்சு பிரிக்க வரச் சொன்னா, மூணாம் நாள் வந்து நின்னார். அஞ்சாம் நாளும் வந்தார். "இன்னும் ஆறலீங்களா?"ன்னு கேட்டதுக்கு, "விரல் ஆறிடுச்சு"ன்னார். அவர் வாழ்க்கையில பேசின பெரிய பேச்சு அதுதான். கல்யாணம் ஆச்சு. பிள்ளை இல்ல. ரெண்டு ரூம் வீடு. வாசல்ல ஒரு இரும்பு கேட்டு, அது ஒரு ஆள் நுழையுற அகலம். சனிக்கிழமை மத்தியானமானா இவங்க கோயிலுக்குப் போய் ராப்போஜனக் கிண்ணத்தையும் தட்டையும் கழுவி, வெள்ளைத் துணியை மடிச்சு வச்சுட்டு வருவாங்க. சம்பளம் கிடையாது. யாரும் கேக்கவும் இல்ல, அவங்களா எடுத்துக்கிட்ட வேலை.

இப்ப கட்சி. ரெண்டு கட்சி எங்க ஊர்ல. ஒண்ணுக்குச் சின்னம் நங்கூரம், இன்னொண்ணுக்குச் சாவி. பட்டறையில இருக்கிறவன் எல்லாம் நங்கூரம். தண்ணி ஆபீஸ்ல இருக்கிறவன் எல்லாம் சாவி. ஒருத்தனும் உக்காந்து யோசிச்சுச் சேரல. வேலை கிடைச்ச எடத்துல யூனியன் சீட்டுக் குடுப்பான், வாங்கி சட்டைப் பையில வச்சுக்கிறது. அப்படித்தான் லேத்துக்காரர் நங்கூரம். தையலக்காவோட தம்பி தண்ணி ஆபீஸ்ல பம்பு ஓட்டுறவன், அதனால சாவி. ரெண்டு பேரும் மச்சான் மச்சான்னு ஒரே தட்டுல சாப்பிடுற ஆளுங்க.

"மச்சான், உங்க கட்சி சாவி துருப்பிடிச்சுப் போச்சாமே. எண்ணெய் போட்டுத் தரட்டா?"

"நங்கூரம் போட்ட கப்பல் எங்கயும் போகாது மச்சான். நீங்க நின்ன எடத்துலயே கெடங்க."

தையலக்கா நடுவுல தட்டை வைப்பாங்க. "ரெண்டு பேரும் திங்கிறது என் சோறு. நான் எந்தக் கட்சின்னு ஒருத்தனாவது கேட்டீங்களா?" கேட்டதே இல்ல. இன்னைக்கு வரைக்கும் எனக்கும் தெரியாது.

இந்த லட்சணத்துல நகரசபைத் தேர்தல் வந்துச்சு. எங்க வார்டுல கோயில் ஜனம் முந்நூறு குடும்பம். கோயிலைப் பிடிச்சவன் வார்டைப் பிடிச்சான். நங்கூரக் கட்சிக்கு நான்தான் வார்டு அமைப்பாளர். நோட்டீஸ் எழுதுறது என் தொழில். நோட்டீஸ்காரன்னே பேரு. அதுவரைக்கும் தண்ணி, ரோடு, கூலின்னுதான் எழுதிக்கிட்டிருந்தேன். அந்தத் தடவை எனக்கு ஒரு யோசனை. பைபிளைப் புரட்டி, வேதத்துல நங்கூரம் எங்கெங்க வருதுன்னு தேடினேன். வந்துச்சு, நல்ல எடத்துலதான் வந்துச்சு. "விசுவாசிகளே, ஆத்துமாவைக் காக்கும் சின்னத்தை அறியீரோ" அப்படின்னு மூவாயிரம் நோட்டீஸ் அடிச்சு கோயில் வாசல்லயே குடுத்தோம்.

சாவிக்காரன் என்ன பிரியாணிக்கா காத்துக்கிட்டிருப்பான். நாலே நாள்ல அவனும் தேடிட்டான். பரலோகத்துக்கே சாவி இருக்குதுன்னு வேதத்துல இருக்கே. அவன் அடிச்சது அஞ்சாயிரம்.

ரெண்டு வாரத்துல கோயில் ரெண்டாப் பிளந்துச்சு. நடுப்பாதைக்கு இடது பக்கம் பெஞ்சு எங்களுக்கு, வலது பக்கம் அவனுங்களுக்கு. புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம்னு உக்காந்த வீடும் உண்டு. பாதிரியார் பாடு திண்டாட்டம். நல்ல மனுஷன், ஆனா வெண்ணெய் மாதிரி, எந்தப் பக்கம் வெயில் அடிச்சாலும் உருகுவார். ஒரு வாரம் ஜெபத்துல "கதவைத் திறந்தருளும்"னு சொன்னார். வலது பக்கம் கூரை அதிர ஆமென் போட்டுச்சு. எங்க ஆளுங்க எழுந்து வெளிய போயிட்டாங்க. அடுத்த வாரம் புயல்ல சிக்கின கப்பலைப் பத்திப் பிரசங்கம் பண்ணார். அவனுங்க வெளிய போனாங்க.

அப்புறம் கைக்குட்டை. ராப்போஜனத்துக்கு எங்களுக்கு ஒரே கிண்ணம். ஒருத்தர் குடிச்சதும் பாதிரியார் வெள்ளைத் துணியால விளிம்பைத் துடைச்சுட்டு அடுத்தவருக்கு நீட்டுவார். காலங்காலமா அப்படித்தான். அன்னைக்கு எங்க ஆள் ஒருத்தர் குடிச்சார், பாதிரியார் துடைச்சார், அடுத்து சாவிக் கட்சியில ஒரு மீட்டர் பாக்கிற ஆள். அவன் தன் பையில இருந்து கைக்குட்டையை எடுத்து, கிண்ணத்தை இன்னொரு தடவை துடைச்சுட்டுக் குடிச்சான். மெதுவா, எல்லாருக்கும் தெரியுற மாதிரி.

கோயிலுக்கு வெளிய அன்னைக்கு ரெண்டு பல்லு விழுந்துச்சு. அடுத்த வாரமே எங்களுக்குத் தனிக் கிண்ணம் வேணும்னு நான் போய் நின்னேன். பாதிரியார் ஒத்துக்கிட்டார். கிண்ணத்தை நானே போய் வாங்கினேன், விளையாட்டுப் போட்டிக்குக் கப் விக்கிற கடையில. கடைக்காரன், "எந்த டீம் சார்? பேரு பொறிக்கணுமா?"ன்னு கேட்டான். வேணாம்னேன். அவனுக்கும் சந்தேகம் இல்ல, எனக்கும் வெக்கம் இல்ல.

ஆறு வாரம் ரெண்டு கிண்ணம், ரெண்டு வரிசை. ரெண்டையும் தையலக்காதான் கழுவினாங்க. ஆறாவது சனிக்கிழமை மத்தியானம் புதுக் கிண்ணத்தைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு நேரா புருஷன் பட்டறைக்குப் போனாங்க. அங்க நடந்ததை ரொம்ப வருஷம் கழிச்சு அவங்களே எனக்குச் சொன்னாங்க.

"இதை உங்க வைஸ்ல வச்சு நசுக்கிக் குடுங்க."

அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கார். "இது எங்க கட்சிக் கிண்ணம்."

"கட்சிக்கு எதுக்குக் கிண்ணம்? பெட்டிதானே வைக்கிறாங்க ஓட்டுக்கு. ஒரு கிண்ணம் கழுவ ஒருத்தி போதும். ரெண்டு கிண்ணம் கழுவணும்னா ரெண்டு சாமி வேணும். என்னால முடியல."

"கேப்பாங்களே."

"நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் வைஸோட ரெண்டு இரும்புத் தாடைக்கு நடுவுல மாட்டி, கைப்பிடியைப் பிடிச்சு சுத்தியிருக்கார். கிண்ணம் தகரமா மடங்கிடுச்சு. கழிவு இரும்புக் கூடையில தூக்கிப் போட்டுட்டு, "பதில் நான் சொல்றேன்"ன்னாராம்.

மறுநாள் ஞாயிறு. தேர்தலுக்கு நாலு நாள் இருக்கு. ஆராதனை பாதியில பாதிரியார் பீடத்து மேல இருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். கீழ ஒரே கிண்ணம். பழசு. மனுஷன் துணியைத் தூக்கி அடியில பாத்தார், பீடத்துக்குப் பின்னால பாத்தார். இடது பக்கம் முணுமுணுப்பு. வலது பக்கம் ஒருத்தன், "தாகமா இருந்தா எங்க கிண்ணத்துல குடிங்கப்பா, பாவம்"னான். சிரிப்பு.

லேத்துக்காரர் எழுந்தார். நடுப்பாதையில நடந்து முன்னால போய், பாதிரியார் முன்னால மண்டி போட்டார். திரும்பி எங்களைப் பாத்து, "புதுசை நான்தான் நசுக்கினேன். இது போதும்"னார். அந்தக் கிண்ணத்துல குடிச்சார்.

நான் மூணாவது பெஞ்சு. ஒரு வார்த்தை சொன்னேன். "காட்டிக்குடுத்துட்டான்." கத்தல, சாதாரணமாத்தான் சொன்னேன். கோயிலுக்குள்ள அந்த வார்த்தையைச் சொன்னா, கர்த்தரைக் காட்டிக்குடுத்த சீஷன்தான் ஞாபகம் வருவான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். வார்த்தையைப் பொறுக்கி எடுக்கிறதுதானே என் தொழில்.

என் முன்னால உக்காந்திருந்தவன் ஒரு கேட் வெல்டர். எங்க கட்சிக்கு சுவர்ல எழுதுறவன், நான் கைகாட்டுற பக்கம் ஓடுறவன். எழுந்து போய், இடுப்பு உயரப் பித்தளை மெழுகுவத்தி ஸ்டாண்டைத் தலைகீழாப் புடிச்சு, இரும்பு அடிப்பாகத்தால லேத்துக்காரரைக் காதுக்குப் பின்னால அடிச்சான். ஒரே அடி. சத்தம் பெருசா வரல. லேத்துக்காரர் பீடத்துக்கு முன்னால இருந்த கிராதி மேல சாய்ஞ்சு அப்படியே சரிஞ்சார்.

வலது பக்கத்துல இருந்து முதல்ல தாவினவன் தையலக்கா தம்பி. "மச்சான்"னு ஒரு குரல். பாட்டு நம்பர் மாட்டுற பலகையைச் சுவர்ல இருந்து பிடுங்கி வெல்டர் மூஞ்சியில போட்டான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடிடுச்சு. அதுக்கப்புறம் யாரு யாரை அடிச்சாங்கன்னு சொல்ல முடியாது. பெஞ்சை உடைச்சு காலை உருவினாங்க. குடை, செருப்பு, ஜன்னல் கண்ணாடி. ஞாயித்துக்கிழமைச் சட்டை போட்டவன் ஞாயித்துக்கிழமைச் சட்டை போட்டவனைத் தரையில போட்டு மிதிச்சான். எங்க ஆள் ஒருத்தன், பல வருஷம் பக்கத்து வீட்டுல இருக்கிறவனோட விரலைக் கதவிடுக்குல வச்சுச் சாத்தினான். தம்பி தலையில பெஞ்சுக் கால் ஆணியோட இறங்குச்சு. பாதிரியார் கிண்ணத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னார், சிந்தக்கூடாதுன்னு. எவனோ முழங்கையில போட்டான். சிந்திருச்சு.

தையலக்கா ஓடி வந்தாங்க. புருஷன் தலையை மடியில வச்சு, முந்தானையைச் சுருட்டிக் காதுக்குக் கீழ அழுத்திப் பிடிச்சாங்க. ஒரு வேன்ல ஏத்தினோம். ஏத்தினோம்னா, நான் ஏத்தல. நான் பின் கதவால போயிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு எங்க ஆளுங்களைக் கணக்கெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் லேத்துக்காரரை உள்ள கொண்டுபோயிட்டார். தலைக்குள்ள ரத்தம், வெளிய தைக்கிற காயம் இல்ல. வெளிய நாலு கட்டில்லயும் ஆளு, தரையிலயும் ஆளு. அன்னைக்கு டியூட்டி டிரஸ்ஸர் லீவு. தையலக்கா ரத்தம் காஞ்ச புடவை மேலயே ஏப்ரனைக் கட்டினாங்க.

எங்க ஆள் ஒருத்தன் வாசல்ல கை நீட்டினான். "அக்கா, நம்ம ஆளுங்களை முதல்ல பாருங்க."

"யாருக்கு ஜாஸ்தி ஒழுகுதோ அவன்தான் முதல்ல. உனக்கு ஒழுகுதா?"

"இல்லக்கா."

"அப்ப வெளிய நில்லு. இல்ல, ஒழுக வைக்கிறேன்."

முதல்ல சொந்தத் தம்பி. பதினாலு தையல். மரத்துப்போற ஊசி அவனோட தீர்ந்துபோச்சு. தலையில கட்டோட எழுந்தவன் கையில கை விளக்கைக் குடுத்து, பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டாங்க, மேல இருந்த பல்ப்பு பத்தல. அப்புறம் எங்க ஆளு, அவனுங்க ஆளு, எங்க ஆளு. பச்சையாவே தைச்சாங்க. பல்லுக்கு நடுவுல பஞ்சுத் துணியைத் திணிச்சுட்டுத் தைச்சாங்க. ராஜ்யத்தை மாத்தப்போறேன்னு மேடையில முழங்குற ஆளு ஒருத்தர் மூணு தையலுக்கு அம்மாவைக் கூப்பிட்டார்.

அப்புறம் வெல்டர் முறை வந்துச்சு. கட்டில்ல படுத்துட்டு மேல பாத்தான். யாருன்னு தெரிஞ்சதும் எழப் பாத்தான்.

"படு."

"அக்கா, நான்... அக்கா..."

"வாயை மூடு. புருவம் அசையுது."

விளக்கைப் பிடிச்சுக்கிட்டிருந்த தம்பி வெளிச்சத்தைக் கத்தரி மேல திருப்பினான். மெதுவா சொன்னான். "அக்கா. கத்தரி உன் கையிலதான் இருக்கு."

"விளக்கை நேராப் பிடிடா. கண்ணுக்குப் பக்கத்துல போறேன்."

ஏழு தையல். எண்ணிப் போட்டாங்க. நூலைக் கத்தரிச்சாங்க. "அடுத்த ஆள்." நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். அவங்களும் என்னைப் பாத்தாங்க. நாப்பத்தொண்ணும் முடிஞ்சதும் கையை முழங்கை வரைக்கும் கழுவிட்டு, உள்ள போய் புருஷன் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தாங்க.

திங்கள்கிழமை மத்தியானம் அவர் போயிட்டார்.

தலைமை ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. அவங்க கேட்ட முதல் கேள்வி, "பாடி யார்கிட்ட இருக்கு?" அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரு மணி நேரத்துல நோட்டீஸ் எழுதி முடிச்சேன். "சாவிக் கட்சிக் குண்டர்களின் வெறியாட்டத்துக்குப் பலியான தியாகத் தோழரின் இறுதி ஊர்வலம்." நல்ல நோட்டீஸ்தான் அது. சாயங்காலம் கொடியை மடிச்சுப் பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன்.

தரையில உக்காந்து அவரோட ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கிட்டிருந்தாங்க. தம்பி சுவரோரம் தலையில கட்டோட.

"அக்கா, கட்சி மரியாதை பண்ணணும்னு சொல்லுது."

"எந்தக் கட்சி?"

"நம்ம கட்சிதான்."

"அடிச்சவன் எந்தக் கட்சி?"

நான் கொடிப் பொட்டலத்தைக் கை மாத்தினேன்.

"நோட்டீஸ்காரா, காதுல விழுந்துச்சா?"

"அவ்வளவு கூட்டத்துல யாரு அடிச்சாங்கன்னு எப்படிக்கா..."

"ஏழு தையல், வலது புருவம். என் கை போட்டது. வேற அடையாளம் வேணுமா?"

"இதை இப்ப வெளிய சொன்னா..."

"தோத்துப்போயிடுவீங்க. அதானே?"

"இருபது வருஷம் கொடி பிடிச்ச மனுஷன்கா அவர்."

"பிடிச்சார். போர்த்திக்கல. குளிருக்குப் போர்வைதான் போர்த்தினார்." ஷூவை ஓரமா வச்சாங்க. "கொன்னவங்க கொடி அவர் மேல விழாது. அவர் கடைசியா குடிச்சது எந்தக் கிண்ணத்துலன்னு நீயும் பாத்தே. அந்த வரிசையில நின்ன ஆளாத்தான் அவரைப் புதைப்பேன். உன் வரிசையில நிக்க வைக்க மாட்டேன்."

தம்பி பக்கம் திரும்பினாங்க. "உனக்கும்தான்டா. மத்தியானமே உங்க ஆளுங்க வந்து, எங்களுக்கு மைக்ல பேட்டி குடுங்க, நங்கூரக்காரன்தான் கொன்னான்னு சொல்லுங்கன்னு நிக்கிறாங்க. போலீஸ்ல சொல்லுவேன். மைக்கோட இன்னொரு தடவை வந்தா, அதை எங்க சொருகுறதுன்னும் சொல்லுவேன்."

எழுந்தேன். "நாளைக்கு நம்ம ஆளுங்க வருவாங்கக்கா. என்னால நிறுத்த முடியாது." பொய். நான் வேணாம்னு சொல்லியிருந்தா ஒருத்தன் வந்திருக்கமாட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு பாடியை வீட்டுக்குக் குடுத்தாங்க. மூணு மணிக்கு அறுபது பேரோட போனோம். போட்டோக்காரனும் உண்டு. கொடி இல்லாம எவனும் பெட்டியைத் தொடக்கூடாதுன்னு பட்டறைக்கு உத்தரவு போட்டிருந்தேன், அதனால கூட வேலை பாத்தவன் ஒருத்தனும் தூக்க வரல. பெட்டியைத் தூக்கினது நாலு பேர். தம்பி, முழங்கையில கட்டோட பாதிரியார், ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளுற ஆளுங்க ரெண்டு பேர். தையலக்கா பெட்டி மேல வலது கையை வச்சுக்கிட்டுப் பக்கத்துல நடந்து வந்தாங்க. கேட்டுக்கு வெளிய நாங்க அடைச்சுக்கிட்டு நின்னோம்.

நான் கொடியை விரிச்சேன்.

"கொண்டா. போர்த்தலாம்"ன்னாங்க. எனக்கே ஆச்சரியம். "ஆனா நீ வேணாம். அவனைக் கூப்பிடு. பின்னால ஒளிஞ்சு நிக்கிறானே, ஏழு தையலோட. அவன் வந்து போர்த்தட்டும். அடிச்ச கையாலயே போர்த்தட்டும். தெருவே பாக்கட்டும்."

தெருவுல ரெண்டு பக்கமும் ஜனம். எல்லாத் தலையும் வெல்டரைத் தேடித் திரும்புச்சு. புருவத்துல கறுப்பு நூலோட அவன் நிக்கிறான். ரெண்டு எட்டு பின்னால வச்சான், அப்புறம் ஓடினான். எங்க ஆளுங்களே அவனைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கீழ தள்ளிட்டாங்க, ஓடினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு. "பொய்யி"ன்னு எவனோ கத்தினான். கல்லு பறந்துச்சு. நாங்க உள்ள தள்ளினோம், அவங்க வெளிய தள்ளினாங்க. பெட்டி சறுக்கி கேட்டுத் தூண்ல மோதுச்சு. நடுவுல தையலக்கா கை.

எலும்பு முறியிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவ்வளவு பக்கத்துல நின்னேன்.

இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் அமைதியாயிடுவாங்கன்னு கதையில எழுதுவாங்க. ஒருத்தனும் ஆகல. பெட்டி கீழ விழுந்து மூடி பிளந்துச்சு. உள்ள இருந்து அவர் கை வெளிய வந்து தெருவுல கெடந்துச்சு, அதையும் ஒருத்தன் மிதிச்சான். நான் கொடியைப் போட்டேன். அவங்க இடது கையால இழுத்தாங்க. மறுபடி போட்டேன். பல்லால கடிச்சு இழுத்தாங்க. பின்னால இருந்து எவனோ அவங்க விலாவுல உதைச்சான். தம்பி அவன் மேல விழுந்து காதைக் கடிச்சுத் துப்பினான். கல்லு பட்டு, பாதிரியார் நெத்தியில இருந்து ரத்தம் அங்கி மேல ஒழுகுது. மனுஷன் அன்னைக்கு உருகல. "தூக்குங்கப்பா, அவரை வெளிய தூக்குங்க"ன்னு கத்தினார்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுற ரெண்டு பேரும் அடிதடிக்கு நடுவுல ஆளைத் தூக்கியே பழகினவங்க. ஆஸ்பத்திரி வேன் பின்னால நின்னுச்சு. புழுதியிலயும் கூச்சல்லயும் குனிஞ்சு, அவரைப் பெட்டியில இருந்து உருவி, ஸ்ட்ரெச்சர்ல போட்டு, மேல ஆஸ்பத்திரி வெள்ளைத் துணியைப் போட்டு இழுத்துட்டுப் போயிட்டாங்க. தையலக்கா நொறுங்குன கையை மார்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடினாங்க.

எங்க ஆளுங்களுக்கு அது தெரியல. ஆறு பேர் பாஞ்சு பெட்டியைத் தூக்கினாங்க. மூடியை அமுக்கி, மேல கொடியைப் போட்டு, "தியாகி வாழ்க"ன்னு கோஷம் போட்டுக்கிட்டு ஊர்வலம் கிளம்பிருச்சு. போட்டோக்காரன் முன்னால ஓடி ஓடி எடுத்தான். தெருமுனை தாண்டி, மார்க்கெட் தாண்டி, கட்சி ஆபீஸ் வரைக்கும் போனோம். லேசா இருக்குதேன்னு ஒருத்தனுக்கும் தோணல. ஆபீஸ் வாசல்ல இறக்கி வச்சு, தலைவர் மாலை போடக் குனிஞ்சு, மூடிப் பிளவு வழியாப் பாத்தார். நிமிர்ந்து என்னைப் பாத்தார். மாலையைப் போட்டார். என்ன பண்ணுவார், ஜனம் நிக்குது.

அதே நேரத்துல கல்லறையில அவரை ஆஸ்பத்திரித் துணியோட இறக்கிட்டாங்க. நாலு பேரும் அவங்களும்தான். பெட்டி இல்ல. கொடியும் இல்ல.

புதன்கிழமை கையில மாவுக் கட்டோட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் குடுத்தாங்க. வெல்டர் பேரைச் சொன்னாங்க. அவனைத் தூண்டுன வார்த்தை என்ன, அதைச் சொன்னது யாருன்னு கேட்டதுக்கு என் பேரையும் சொன்னாங்க. அவனுக்குப் பத்து வருஷம். எனக்கு எட்டு மாசம். உள்ள இருக்கும்போதே கட்சி என்னை நீக்கிட்டதா பேப்பர்ல பாத்தேன். அவங்க வலது கையில ரெண்டு விரல் அப்புறம் மடங்கவே இல்ல. ஊசி பிடிக்க முடியல. ஆஸ்பத்திரி அவங்களைச் சீட்டு எழுதுற கவுன்ட்டர்ல போட்டுச்சு. இடது கையால எழுதக் கத்துக்கிட்டாங்க. ஒருநாள் எனக்கு நெஞ்சு வலின்னு அந்த வரிசையில நான் போய் நின்னேன். "பேரு?"ன்னாங்க. தெரியாத மாதிரி. சொன்னேன். எழுதினாங்க. "எங்க வலிக்குது?" நெஞ்சைத் தொட்டேன். "அங்க ஒண்ணு இருக்குதா உனக்கு"ன்னு சொல்லிட்டு, உக்கார ஸ்டூல் காட்டினாங்க. பட்டறையில நடந்ததை அன்னைக்குத்தான் சொன்னாங்க.

கட்சியில பழைய ஆளுங்க இன்னும் அவங்களைத் திட்டுறாங்க. அந்தக் கொடி ஒழுங்கா விழுந்திருந்தா வார்டு நம்மதும்பாங்க. வியாழக்கிழமை ஓட்டுப் போட்டு, வெள்ளிக்கிழமை எண்ணினாங்க. நாங்க தோத்தோம்.

பதினொரு ஓட்டு.